கூட்டுத்தொகை சரி, கணக்கு தப்பு

பொங்கல் விடுமுறைக்கு வந்திருந்த பேத்தி மூன்று நாளாக மடிக்கணினியை விட்டு எழவில்லை. புள்ளியியலில் முதுகலை படிக்கிறாள். கடைசி வருஷ ஆய்வேடு. எடுத்துக்கொண்ட விஷயத்தைக் கேட்டதும் எனக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. நம் பக்கத்து மானாவாரி நிலத்தில் ராகியோடு துவரையும் அவரையும் கலந்து விதைக்கிறோம் அல்லவா, ஒன்று போனாலும் இன்னொன்று கைகொடுக்கும் என்று? அது உண்மையிலேயே கைகொடுக்கிறதா, இல்லை போகிற வருஷம் எல்லாம் சேர்ந்துதான் போகிறதா என்பது அவள் கேள்வி. தருமபுரியில் பிறந்த பிள்ளை கேட்க வேண்டிய கேள்விதான்.

விடை தேடி அவள் வயலுக்குப் போகவில்லை. கணினிக்குள்ளேயே ஒரு லட்சம் கற்பனை வருஷங்களை உண்டாக்கி, ஒவ்வொன்றிலும் ராகி எவ்வளவு, துவரை எவ்வளவு என்று விளைய வைத்து, இரண்டும் மோசமாகப் போன வருஷங்களை எண்ணுகிறாள். ஆறு பயிருக்குச் செய்ய வேண்டியது. முதலில் ராகி, துவரை இரண்டை மட்டும் வைத்து ஒரு வெள்ளோட்டம் பார்த்திருந்தாள்.

“என்ன வந்தது?” என்றேன்.

“நூத்துக்கு மூணரை வருஷம்தான் தாத்தா ரெண்டும் சேர்ந்து போகுது.”

நான் விவசாயி இல்லை, ஓய்வு பெற்ற குமாஸ்தா. புதுச்சேரியில் பிரெஞ்சுப் பள்ளியில் படித்துவிட்டு, அப்பா காலமானபின் அம்மாவின் ஊருக்கு வந்து, எஸ்.எஸ்.எல்.சி.யைத் தனியாக எழுதி அரசு வேலையில் நுழைந்தவன். ஆனாலும் இந்த மண்ணில் ஐம்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. நூற்றுக்கு மூன்றரை என்றால் ஐம்பது வருஷத்தில் இரண்டு தடவைகூட இல்லை. ராகியும் துவரையும் ஒன்றாகக் கருகிப்போய், சனங்கள் பெங்களூர்ப் பக்கம் கூலிக்குப் பஸ் ஏறிய வருஷங்களை விரல்விட்டு எண்ணினால் எனக்கு ஒரு கை போதவில்லை.

“நீ உள்ளே போட்டதையும் வெளியே வந்ததையும் பக்கத்தில் வைத்து ஒப்புப் பார்த்தாயா?” என்று கேட்டேன். குமாஸ்தாவுக்குத் தெரிந்த கேள்வி அது ஒன்றுதான்.

“மொத்தம் பார்த்தேன் தாத்தா. கரெக்டா டாலி ஆகுது.”

மொத்தம் சரி என்ற சொல்லைக் கேட்டதும் எனக்கு வயிற்றை என்னவோ செய்தது. ஏன் என்று பிறகு சொல்கிறேன். முதலில் அவள் கணக்கு.

ரேண்டம் எண் என்றால் என்ன என்று பேரன் பேத்தியை இன்ஜினீயரிங் சேர்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கட்-ஆஃப், பாடவாரி மதிப்பெண், பிறந்த தேதி எல்லாம் ஒன்றாக இருக்கும் இரண்டு பிள்ளைகளில் யாருக்கு முதலிடம் என்று தீர்க்க, பத்து இலக்கத்தில் ஒரு எண் ஒதுக்குகிறார்களே, அதுதான். குலுக்கல் சீட்டு மாதிரி. ஒருவர் எண்ணுக்கும் அடுத்தவர் எண்ணுக்கும் ஒட்டும் உறவும் இருக்கக்கூடாது. கணினிக்கு அப்படி ஒட்டாத எண்களைத் தரத்தான் தெரியும்.

ஆனால் பேத்திக்கு வேண்டியது ஒட்டுகிற எண்கள். ராகிக்கும் துவரைக்கும் மழை ஒன்றுதான். ராகி நன்றாக விளைந்த வருஷம் துவரையும் பெரும்பாலும் நன்றாக விளையும். இந்தச் சேர்ந்து போகும் குணத்துக்குப் பள்ளிப் புத்தகத்தில் ஒட்டுறவு என்று பெயர். அதற்கு ஒரு கெழு உண்டு. சம்பந்தமே இல்லை என்றால் 0, அச்சாகச் சேர்ந்தே போனால் 1. அவள் வெள்ளோட்டத்துக்கு 0.8 என்று வைத்திருந்தாள். (இது விளக்கத்துக்காக அவளாக வைத்த எண். நம் மாவட்டத்தின் அளவு இதுதான் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.)

ஒட்டாத எண்களிலிருந்து ஒட்டுகிற எண்களை உண்டாக்க ஒரு வழி இருக்கிறது. எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். கணினி இரண்டு குலுக்கல் சீட்டு எடுக்கிறது. முதல் சீட்டு அப்படியே ராகிக்கு. துவரைக்கு முதல் சீட்டிலிருந்து 0.8 பங்கு, இரண்டாம் சீட்டிலிருந்து 0.6 பங்கு. ஏன் 0.6? 0.8-இன் வர்க்கம் 0.64, 0.6-இன் வர்க்கம் 0.36, இரண்டும் சேர்ந்தால் 1. துவரையின் ஏற்ற இறக்கம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. ஆனால் அதில் ராகியின் சாயல் 0.8 அளவுக்கு ஏறிவிட்டது. இதை இரண்டு வரியில் இப்படி எழுதலாம்:

ராகி: 1, 0
துவரை: 0.8, 0.6

கடுகளவு கணக்கு. நான் காகிதத்தில் எழுதிப் பார்த்துப் புரிந்துகொண்டேன்.

அவளுடைய நிரல் இதை வரி வரியாகப் படிப்பதற்குப் பதிலாக மேலிருந்து கீழாகப் படித்துவிட்டது. ராகிக்கு 1, 0.8, துவரைக்கு 0, 0.6. நம் பள்ளிக் கணக்கில் நிரை நிரல் மாற்று என்பார்கள். அது தெரியாமல் நடந்துவிட்டது.

விளைவைப் பாருங்கள். ராகியின் ஏற்ற இறக்கம், அதாவது விலக்க வர்க்கச் சராசரி, 1 இருக்க வேண்டிய இடத்தில் 1.64 ஆகிவிட்டது. துவரைக்கு 1 இருக்க வேண்டிய இடத்தில் 0.36. ராகி இல்லாத ஆட்டம் ஆடுகிறது, துவரை மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும் அசையாமல் நிற்கிறது. இரண்டுக்கும் நடுவே 0.8 என்று கட்டிவைத்த ஒட்டுறவு 0.62 ஆகத் தளர்ந்துவிட்டது. ஆனால் 1.64-ஐயும் 0.36-ஐயும் கூட்டுங்கள். சரியாக 2. இருக்க வேண்டிய மொத்தமும் 2. அவள் பார்த்தது அந்த மொத்தத்தை மட்டும்.

திருத்தி ஓட்டினாள். சராசரியிலிருந்து ஒரு திட்ட விலக்கத்துக்கும் கீழே விளைந்தால் மோசமான வருஷம் என்பது அவள் வைத்திருந்த அளவுகோல். அப்படிப் பார்த்தால் இரண்டும் சேர்ந்து போகிற வருஷம் நூற்றுக்கு மூன்றரை இல்லை, கிட்டத்தட்டப் பத்து. பத்து வருஷத்துக்கு ஒருமுறை வருகிற கஷ்டத்தை இருபத்தெட்டு வருஷத்துக்கு ஒருமுறைதான் வரும் என்று அந்தக் கணினி அடித்துச் சொல்லிக்கொண்டிருந்தது. அதை நம்பி ஒருவர் கடன் கொடுத்தால், காப்பீட்டுக்கு எவ்வளவு ஒதுக்கலாம் என்று ஒருவர் முடிவு செய்தால் என்ன ஆகும்? சிவப்பு எழுத்தில் எச்சரிக்கை ஏதும் வரவில்லை. நிரல் முரண்டு பிடிக்கவில்லை. ஓடியது, முடிந்தது, விடை சொன்னது.

பிரெஞ்சுப் பள்ளியில் பெருக்கல் கணக்குக்கு ஒரு சோதனை சொல்லித் தருவார்கள். ப்ரவ் பார் நஃப், ஒன்பதின் சோதனை. பெருக்கல் குறி மாதிரி ஒரு சிலுவை போட்டு, நாலு மூலையிலும் நாலு எண் எழுத வேண்டும். 34-ஐ 12-ஆல் பெருக்கினால் 408. 34-க்கு 3-ம் 4-ம் 7. 12-க்கு 1-ம் 2-ம் 3. ஏழு மூன்று 21, அதைக் கூட்டினால் 3. விடை 408-ஐக் கூட்டினால் 12, அதைக் கூட்டினால் 3. இரண்டும் ஒத்துப்போனால் முசியே தலையை ஆட்டுவார். ஒருநாள் நான் 480 என்று எழுதியிருந்தேன். சிலுவை போட்டேன். 4-ம் 8-ம் 0-ம் 12, அதுவும் 3. சோதனை சரி, விடை தப்பு. ஸ்கேலால் விரல் கணுவில் ஒரு அடி விழுந்தது. அதற்குப் பிறகுதான் சொன்னார்: இலக்கம் இடம் மாறினால் ஒன்பதுக்குக் கண் தெரியாது.

இதே ஒன்பது பின்னாளில் அலுவலகத்தில் வேறு வேஷத்தில் வந்தது. கணக்கு முடிக்கும்போது வித்தியாசம் ஒன்பதால் வகுபட்டால் எங்கோ 27-ஐ 72 என்று மாற்றி எழுதியிருக்கிறோம் என்று மூத்த குமாஸ்தாக்கள் நேரே அந்த வரிக்குப் போவார்கள். ஆனால் வித்தியாசமே வராவிட்டால்? சம்பளப் பட்டியலில் மேல் வரிக்காரரின் பிடித்தத்தைக் கீழ் வரியிலும், கீழ் வரிக்காரருடையதை மேலேயும் எழுதிவிட்டால் மொத்தம் துளியும் மாறாது. கருவூலத்தில் பாஸ் ஆகிவிடும். சம்பளம் வாங்கின இரண்டு பேரும் வந்து சண்டை போட்டால்தான் தெரியும். பேத்தியின் கணக்கில் ராகியும் துவரையும் வந்து சண்டை போட வழியில்லை.

அந்த இரண்டு வரி அட்டவணைக்கு ஒரு பெயர் சொன்னாள், “சோலஸ்கி” என்று. ஆங்கிலப் பெயராக இருக்கும் என்று விட்டிருப்பேன். எழுத்தைப் பார்த்ததும் விடவில்லை. ஆந்த்ரே லூயி ஷொலெஸ்கி, பிரெஞ்சுக்காரர். 1875-இல் மோங்கியோன் என்ற ஊரில் பிறந்தவர். பீரங்கிப் படை அதிகாரி. பிரெஞ்சு ராணுவத்தின் நில அளவைப் பிரிவில் வேலை பார்த்தவர். கிரீட் தீவில் அளந்திருக்கிறார், வட ஆப்பிரிக்காவில் அளந்திருக்கிறார்.

நில அளவைக்காரருக்கு இந்தக் கணக்கு எதற்கு என்று தோன்றும். பரங்கிமலைப் பக்கம் 1802-இல் லாம்டன் தொடங்கினாரே, முக்கோணம் முக்கோணமாக நாட்டை அளக்கிற வேலை, அதே ஜாதி வேலைதான். ஒரு முக்கோணத்தின் பக்கம் அடுத்த முக்கோணத்துக்கும் பக்கம். ஒன்றில் வந்த பிழை அடுத்ததில் ஒட்டிக்கொள்ளும். ஒட்டிக்கொண்ட பிழைகளைப் பிரித்துச் சரிக்கட்ட ஏராளமான சமன்பாடுகளைக் கையால் தீர்க்க வேண்டும். அந்த வேலையைச் சுருக்க அவர் கண்டுபிடித்த வழி, பெரிய சதுர அட்டவணையை ஒரு முக்கோண அட்டவணையாகவும் அதன் கண்ணாடிப் பிம்பமாகவும் உடைப்பது. முக்கோணத்தைப் பிம்பத்தால் பெருக்கினால் பழைய சதுரம் திரும்பக் கிடைக்கும். வரிசையை மாற்றி, பிம்பத்தை முக்கோணத்தால் பெருக்கினால் வேறு ஏதோ கிடைக்கும். பேத்திக்குக் கிடைத்தது அந்த வேறு ஏதோ.

1910 டிசம்பர் 2 தேதியிட்டு அவர் கைப்பட எழுதிய பிரதி பின்னாளில் கிடைத்திருக்கிறது. ஆனால் அவர் அதை அச்சில் பார்க்கவில்லை. 1918 ஆகஸ்ட் 31-இல் போர்முனையில் இறந்துவிட்டார், வயது 42. போர் முடிய இன்னும் 72 நாள்தான் இருந்தது. அவர் முறையை, கூட வேலை பார்த்த பெனுவா என்ற அதிகாரி 1924-இல் வெளியிட்டார். புதுச்சேரியில் நவம்பர் 11 அன்று எங்களை வரிசையாகக் கடற்கரைச் சாலைப் போர் நினைவகத்துக்கு அழைத்துப் போவார்கள். வெயிலில் நின்றது ஞாபகம் இருக்கிறது. செத்தவர்களில் இப்படி ஒருவர் இருந்தார், அவர் கணக்கில்தான் ஒருநாள் என் பேத்தி சறுக்குவாள் என்று யார் நினைத்தது?

சறுக்கியது எப்படி என்றும் சொல்லிவிடுகிறேன். அவளுடைய சீனியர் ஒருவர் பைத்தான் மொழியில் நம்பை என்ற தொகுப்பை வைத்து எழுதியிருந்ததை இவள் ஆர் என்ற மொழிக்கு மாற்றினாள். இரண்டிலும் ஷொலெஸ்கிக்குத் தனிக் கட்டளை உண்டு. நம்பை வழக்கமாகக் கீழ் முக்கோணத்தைத் தரும். ஆர் தருவது மேல் முக்கோணத்தை. மாட்லாபும் சொல்லாவிட்டால் மேலேதான். இரண்டும் சரி. இரண்டின் கையேட்டிலும் தெளிவாக எழுதியிருக்கிறது. மொழியை மாற்றியவள் முக்கோணத்தைத் திருப்பவில்லை, அவ்வளவுதான். “இதுக்கெல்லாம் ரெடிமேட் கட்டளை இருக்கு தாத்தா, அதைப் போட்டிருந்தா இந்த வம்பே வந்திருக்காது” என்றாள். உண்மையாக இருக்கலாம். ஆனால் ரெடிமேட் சட்டையையும் போட்டுப் பார்த்துத்தானே வாங்குகிறோம்.

இனி என் வயிற்றைக் கலக்கிய சமாசாரம். நாற்பத்தைந்து வருஷத்துக்கு மேலாக நான் யாரிடமும் சொல்லாதது.

எழுபதுகளின் கடைசியில் பயிர்க் கணக்கு சம்பந்தப்பட்ட ஓர் அலுவலகத்தில் இளநிலை உதவியாளராக இருந்தேன். எது என்பது வேண்டாம். பயிர் அறுவடைப் பரிசோதனை என்று ஒன்று உண்டு, இன்றைக்கும் நடக்கிறது. ஊரில் சில வயல்களைக் குலுக்கலில் எடுத்து, ஒவ்வொரு வயலிலும் 5 மீட்டருக்கு 5 மீட்டர் சதுரம் ஒன்று கயிறு கட்டி, அதில் விளைந்ததை மட்டும் அறுத்து நிறுத்து, அதிலிருந்து ஏக்கர் விளைச்சலைக் கணிப்பார்கள். ஹப்பாக் என்ற ஐ.சி.எஸ். அதிகாரி 1920-களில் பீகார் ஒரிசாப் பக்கம் நெல்லுக்கு இப்படிச் செய்தார். பிறகு மகலனோபிஸ், சுகாத்மே, பான்சே போன்றவர்கள் நாட்டுக்கே பொதுவான முறையாக வளர்த்தார்கள்.

இதில் உயிர்நாடி, சதுரத்தை எங்கே போடுவது என்பது. அறுப்பவர் இஷ்டத்துக்கு விட்டால் நல்ல கதிராகப் பார்த்துப் போடுவார், அல்லது வெறுப்பில் சொத்தையாகப் பார்த்துப் போடுவார். அதனால் வயலின் தென்மேற்கு மூலையிலிருந்து நீளவாக்கில் இத்தனை, அகலவாக்கில் இத்தனை என்று இரண்டு ரேண்டம் எண் கொடுத்துவிடுவார்கள். அந்தப் புள்ளியில்தான் முளை அடிக்க வேண்டும். அந்தக் காலத்தில் அதற்கென்று எண் அட்டவணைகள் அச்சிட்டு வந்திருந்தன. டிப்பெட் என்பவர் 1927-இல் மக்கள்தொகைக் கணக்கு அறிக்கைகளிலிருந்து இலக்கங்களைப் பொறுக்கி 41,600 இலக்கங்கள் கொண்ட அட்டவணை போட்டதிலிருந்து இது ஒரு தொழிலாகவே ஆகிவிட்டது.

எங்கள் அலுவலகத்தில் அட்டவணையிலிருந்து எண்களை எடுத்து இரண்டு பத்தியாக எழுதி அனுப்புவது என் வேலை. ஒரு பருவத்தில் வேலை நெருக்கடி. நீளத்துக்கு ஒரு பத்தி எடுத்தேன். அகலத்துக்கும் அதே பத்தியை எழுதிவிட்டேன். தெரிந்தேதான் செய்தேன். ரேண்டம் எண் ரேண்டம் எண்தானே, யாருக்கு என்ன என்று நினைத்தேன். மேலே இருந்தவர் ஒவ்வொரு பத்தியாகப் பார்த்தார். ஒவ்வொரு பத்தியும் தனியாக எந்தக் குற்றமும் இல்லாமல்தான் இருந்தது. கையெழுத்துப் போட்டார். அடுத்த பருவத்துக்கும், அதற்கடுத்ததுக்கும் அதே மாதிரி அனுப்பினேன்.

பென்னாகரம் பக்கம் ஒரு கிராமத்துக்கு ஒருமுறை நானும் கூடப் போயிருந்தேன். தோட்டத்து ராகி. ஊர்க் கணக்குப்பிள்ளை, வயசானவர், குடையோடு வரப்பில் நின்றுகொண்டிருந்தார். 1980-இல் அந்தப் பரம்பரை உத்தியோகமெல்லாம் ஒழிவதற்குக் கொஞ்சம் முந்தி. ஊழியர் தப்படி போட்டு முளை அடித்ததும் அவர் என்னைப் பார்த்துக் கேட்டார்:

“ஏங்க, நானும் மூணு போகமாப் பாக்கறேன். நீங்க கயிறு புடிக்கிற எடமெல்லாம் ஒரே கோட்டுலயே வருதுங்களே. வாய்மடை அந்தக் கோடியில இருக்குது. அங்க ஒருக்காக்கூட வரலீங்களே?”

“அது ரேண்டம் எண்ணுங்க ஐயா, நாம ஒண்ணும் பண்ண முடியாது” என்று சிரித்தேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில்தான் உறைத்தது. வடக்கே எத்தனை தப்படியோ கிழக்கேயும் அத்தனையே தப்படி என்றால் புள்ளி எங்கே விழும்? தென்மேற்கு மூலையிலிருந்து சாய்வாக ஒரே கோட்டில். தென்கிழக்கு மூலைக்கும் வடமேற்கு மூலைக்கும் அது போகவே போகாது. வாய்மடை இருந்தது தென்கிழக்கில். தண்ணீர் முதலில் பாய்ந்து, கதிர் வளமாக நின்ற இடத்தை என் பட்டியல் மூன்று பருவமாகத் தொடவே இல்லை. பத்தியைத் தனித்தனியாகப் பார்த்தவருக்குத் தெரியாதது, வயலை வயலாகப் பார்த்தவருக்குத் தெரிந்துவிட்டது.

அடுத்த பருவத்துப் பட்டியலைச் சரியாக எடுத்தேன். முன்னே அனுப்பியதைப் பற்றி வாய் திறக்கவில்லை. வேலைக்குப் பயம், வீட்டில் இரண்டு சின்னக் குழந்தைகள். காரணம் சொன்னால் ஆயிரம் சொல்லலாம்.

இது குமாஸ்தாக்கள் மட்டும் செய்கிற தப்பும் இல்லை. ஐ.பி.எம். பெரிய கணினிகளோடு வந்த ராண்டு என்ற நிரல் உலகம் முழுக்கப் பல வருஷம் ரேண்டம் எண் வழங்கியது. ஒவ்வொரு எண்ணும் தனியாகப் பார்த்தால் பழுதில்லை. அடுத்தடுத்த மூன்று எண்களை நீளம், அகலம், உயரம் என்று வைத்துப் புள்ளி போட்டால், அறை முழுக்கச் சிதற வேண்டியவை வெறும் 15 பலகைகளில் அடுக்கிக்கொண்டு நின்றன. காரணம், ஓர் எண்ணை 6-ஆல் பெருக்கி, அதற்கு முந்தியதை 9-ஆல் பெருக்கிக் கழித்தால் அடுத்த எண் கிடைத்துவிடும் (வரம்புக்கு வெளியே போனால் 2,147,483,648-ஐக் கூட்டிக் கழித்து உள்ளே கொண்டுவர வேண்டும்). அங்கேயும் ஒன்பது! இந்த வகை எண்களுக்கு இப்படி ஒரு நோய் உண்டு என்று 1968-இல் மர்சாலியா என்ற அமெரிக்கர் எழுதினார். ராண்டுவை வைத்துச் செய்த பழைய ஆராய்ச்சி முடிவுகளையெல்லாம் அதற்குப் பிறகு சந்தேகத்தோடுதான் பார்க்க வேண்டியிருந்தது.

என் கட்சி இதுதான். கணினி வந்ததால் கெட்டுப்போனோம் என்று சொல்கிற கிழவன் இல்லை நான். கணினி இல்லாத காலத்தில், கையில் பேனாவோடு, அதே தப்பைச் செய்தவன். ஆனால் அந்தக் காலத்து அலுவலகத்தில் நகல் எடுத்த தாளின் அடியில் “ஒப்பிட்டவர்” என்று ஓர் இடம் இருந்தது. ஒருவர் மூலத்தைப் படிக்க, இன்னொருவர் நகலில் விரல் வைத்துக்கொண்டு போவார். சலிப்பூட்டும் வேலை, தூக்கம் வரும். கணினி வந்ததும் முதலில் போனது அந்த இடம்தான். அச்சானது தப்பாக இருக்காது என்ற எண்ணம் எப்படியோ எல்லாருக்கும் வந்துவிட்டது. மொத்தம் தட்டினால் வந்துவிடுகிறது, பிறகு எதற்கு இரண்டாவது ஆள்?

நான் அறுவடைப் பட்டியல் அனுப்பிய காலத்தில் அது மேலே போகிற ஒரு புள்ளிவிவரம் மட்டும். இப்போது அப்படி இல்லை. 1985-இல் விரிவான பயிர்க் காப்பீடு வந்தது முதல், 2016-இலிருந்து நடக்கிற பிரதமர் பயிர்க் காப்பீடு வரை, இழப்பீடு அந்தச் சதுரத்தில் வந்து தொங்குகிறது. திட்ட விதிகளின்படி முக்கியப் பயிருக்கு ஊராட்சி அளவில் குறைந்தது நாலு பரிசோதனை. நாலே சதுரம், அதன் சராசரிதான் அந்த வட்டாரத்துக் குடியானவர்கள் அத்தனை பேருக்கும். என் பழைய பட்டியல் மாதிரி ஒன்று இன்றைக்கு அங்கே நுழைந்தால் பணம் போவது யாருக்கு, வருவது யாருக்கு என்று நினைத்தாலே கை நடுங்குகிறது.

அதனால் கேட்கிறேன். வயலையும் சதுரத்தையும் குறிக்கிற எண்களை எப்படி எடுத்தார்கள் என்பதைப் பரிசோதனை முடிந்ததும் ஊராட்சி அலுவலகப் பலகையில் ஒட்டினால் என்ன? எண்ணாக இல்லை, படமாக. ஒரு கட்டம் வரைந்து, ஒவ்வொரு சதுரம் விழுந்த இடத்திலும் ஒரு புள்ளி. கைபேசிச் செயலியில் இடத்தையும் புகைப்படத்தையும் இப்போதே பதிகிறார்கள், புள்ளி வைப்பது பெரிய வேலையா? முன்கூட்டி ஒட்டக்கூடாது, அது எனக்கும் தெரியும். அந்த இடத்துக்கு மட்டும் உரம் போடுகிற கெட்டிக்காரர்கள் எல்லா ஊரிலும் உண்டு. முடிந்த பிறகு ஒட்டுங்கள். படிக்காதவர்கூட, ஏன் எல்லாம் ஒரே கோட்டில் இருக்கிறது என்று கேட்பார். புள்ளியியல் படித்தவர்கள் மட்டும் பார்த்தால் போதும் என்பவர்களிடம் என் கணக்குப்பிள்ளையை நிறுத்திக் காட்டுவேன், அவர் இருந்தால்.

இந்த மாதிரிக் கணினிக் கணக்குக்கும் அதே விதிதான். உள்ளே 0.8 போட்டேன், வெளியே வந்த லட்சம் வருஷத்திலிருந்து திரும்ப எடுத்தேன், 0.8 வந்தது என்று வரிக்கு வரி ஒரு தாள். மொத்தம் மட்டும் போட்ட தாள் வேண்டாம். இதைச் செய்ய அவளுக்கு எவ்வளவு நேரம் ஆனது தெரியுமா? காபி ஆறுவதற்குள் முடித்துவிட்டாள்.

எல்லாம் முடிந்தபின் அந்தப் பழைய கதையை அவளிடம் சொன்னேன். பாட்டிக்கே அன்றைக்குத்தான் தெரியும். “அந்த மூணு போகத்துக் கணக்கு என்ன ஆச்சு தாத்தா?” என்றாள்.

“மேலே போயிடுச்சு.”

அவள் ஒன்றும் சொல்லவில்லை. கிளம்புகிற அன்று ஆய்வேட்டின் ஒரு பக்கத்தை அச்செடுத்துக் கொண்டுவந்தாள். அடியில் “ஒப்பிட்டவர்” என்று போட்டு இடம் விட்டிருந்தாள். கையெழுத்துப் போடச் சொன்னாள். நான் பார்த்தது இரண்டு பயிர்தானே, ஆறுக்கும் தாள் எடுத்து வா, வரி வரியாகப் பார்த்துவிட்டுப் போடுகிறேன் என்று திருப்பிக் கொடுத்துவிட்டேன். மாசியில் வருவதாகச் சொல்லியிருக்கிறாள்.